தண்ணி கலக்குறேன், உட்காருங்க

என்னைப் பார்க்கிறவர்கள் இப்போதும் முதலில் கேட்பது அதைத்தான். "என்னக்கா, ஃபாலோவர் எல்லாம் ஓடிட்டாங்களாமே?" துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்பார்கள். ஆமாம், ஓடிவிட்டார்கள். முப்பத்தெட்டாயிரம் பேர் இருந்த இடத்தில் இன்று ஐயாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிறார்கள். இதை எப்படிச் சரிக்கட்டுவது என்று எனக்கு யோசனை சொல்லாத ஆள் எங்கள் மலேசியக் கிள்ளானில் கிடையாது. கோயிலில் சொல்கிறார்கள். பாசாரில் மீன் வாங்கும்போது சொல்கிறார்கள். நான் கவுண்டரில் வேலை செய்யும் பல் கிளினிக்குக்குப் போன வாரம் பல் பிடுங்க வந்த ஒருவர், வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டே, தினமும் மூன்று காணொளி போடச் சொல்லி மூன்று விரலைக் காட்டினார். பேசாமல் பஞ்சைக் கடியுங்கள், ரத்தம் நிற்கட்டும் என்றேன்.

எல்லோருக்கும் சேர்த்து இங்கே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். அந்த முப்பத்துச் சொச்சம் ஆயிரம் பேர் போனதில் எனக்குத் துளி வருத்தம் இல்லை. ஒரே ஒருத்தி போனதுதான் என்னை ஆட்டிவிட்டது. அவள் என் அக்கா, கூடப் பிறந்தவள்.

என் காணொளிப் பக்கத்தைத் தொடங்கியபோது எனக்கு நாற்பத்துமூன்று வயது. கணவரை விட்டுப் பிரிந்து வந்து கிள்ளானில் ஒரு வரிசை வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தேன். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். காலை ஆறே முக்காலுக்கு அடுப்படி ஜன்னலோரம் நின்று தேயிலையைக் கொதிக்க வைத்தால், துறைமுகத்துக்குப் போகும் லோரிகள் வரிசையாக உறுமிக்கொண்டு போகும். அதைத் தவிர வீட்டில் வேறு சத்தம் இருக்காது. இருபது வருஷமாகக் காலையில் யாரையாவது "பசியாறியாச்சா?" என்று கேட்டுப் பழகிய வாய் இது. கேட்க ஆளில்லாமல் நமநமவென்றது. ஒரு நாள் கைப்பேசியைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு அதைப் பார்த்துக் கேட்டேன்.

எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்று பெயர். "நலமா, சௌக்கியமா" எல்லாம் நாங்கள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்களிடம்தான் கேட்போம். மற்றவர்களிடம், பசியாறியாச்சா? அதற்கு "ஆச்சு" என்று ஒரு சொல்லில் பதில் வந்தால் அந்த மனிதர் உயிரோடு இருக்கிறார், வீட்டில் அடுப்பு எரிகிறது, பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை என்று பொருள். அப்புறம் தண்ணி. தேநீரோ, கோப்பியோ, மைலோவோ, கலக்கிக் கொடுக்கிற எதுவும் எங்களுக்குத் தண்ணிதான். வீட்டுக்கு யார் வந்தாலும், பிடித்தவரோ பிடிக்காதவரோ, "உட்காருங்க, தண்ணி கலக்குறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. என் காணொளியும் அப்படித்தான் தொடங்கும். "பசியாறியாச்சா? உட்காருங்க, தண்ணி கலக்குறேன்." கலக்கி முடிப்பதற்குள், நேற்று கிளினிக்கில் நடந்ததையோ பக்கத்து வீட்டுப் பூனையின் அட்டூழியத்தையோ சொல்லி முடித்துவிடுவேன். இரண்டு நிமிஷம். அதைப் பார்க்க நாலாயிரம் பேர் சேர்ந்தார்கள். ஷா ஆலம் தொழிற்சாலைக்கு பஸ்ஸில் போகிறவர்கள், செமினியில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உட்காருகிறவர்கள். "ஆச்சுக்கா", "ஆச்சு", "ரொட்டி சானாய்க்கா" என்று கீழே பதில் எழுதுவார்கள். நான் ஒருவர் விடாமல் படிப்பேன்.

'பின்தொடர்பவர்கள்' என்று எழுதச் சொல்கிறார்கள். யாரோ ஆள் வைத்துத் துரத்துவது போல இருக்கிறது எனக்கு. நான் ஃபாலோவர் என்றே எழுதுகிறேன்.

அந்த நாலாயிரத்தில் ஒரு கணக்குக்கு முகமே கிடையாது. படத்துக்கு ஒரு செம்பருத்திப் பூ, பெயருக்கு நாலு எழுத்தும் சில எண்களும். ஒரு வார்த்தை எழுதியதில்லை. ஆனால் தினமும் ஏழரைக்குள் ஓர் இதயத்தை மட்டும் அழுத்திவிட்டுப் போகும். அந்தச் செம்பருத்தி ரவாங்கில் அக்கா வீட்டு வாசலில் இருக்கிற செம்பருத்தி. பின்னால் தெரிகிற கேட்டின் பச்சைப் பெயிண்ட்டை நான்தான் ஒரு தீபாவளிக்கு அடித்துக் கொடுத்தேன். எனக்குத் தெரியாதா?

நானும் அக்காவும் அப்போது பேசிக்கொள்வதில்லை. காரணம் என் வாய். நான் பிரிந்து வந்த புதிதில் உறவில் ஒரு கல்யாணம். மண்டபத்துச் சாப்பாட்டு மேசையில் பத்துப் பேர் நடுவே அக்கா சொன்னாள், "நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்டி." அவள் சொன்னதில் தப்பு உண்டு. ஆனால் நான் சொன்னது தப்புக்கும் மேலே. "நீ அனுசரிச்சுப் போய் என்னத்தக் கண்டே? ஒரு குடிகாரனத்தானே கண்டே?" அக்காவின் கணவர் குடிப்பார். ஊருக்கே தெரியும். ஆனால் யாரும் அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அவள் கையை இலையிலேயே உதறிவிட்டு எழுந்து போனாள். அடுத்த வருஷம் அவர் ஈரல் கெட்டு இறந்துபோனார். சாவு வீட்டுக்குப் போனேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் போய் நிற்கவில்லை. இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், வீம்பும் ஒரே அளவு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அக்கா வீட்டில் 'தண்ணி' என்ற சொல் கிடையாது. ஒருமுறை சம்பந்தி வீட்டார் வந்திருந்தபோது, "உட்காருங்க, தண்ணி கலக்குறேன்" என்று அவள் சொல்ல, அவள் கணவர் பெரிதாகச் சிரித்து, "எந்தத் தண்ணி? கலக்கறதுதான் கலக்குற, ரெண்டா கலக்கு" என்றார். வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து அவள் "டீ போடட்டா?" என்றுதான் கேட்பாள். எங்கள் வீட்டுப் பெண்களில் அப்படிக் கேட்பவள் அவள் ஒருத்திதான். நான் தினமும் காலையில் கைப்பேசியைப் பார்த்துத் தண்ணி கலக்குறேன் என்று சொல்லும்போது, ரவாங்கில் அவள் அதைக் கேட்டு இதயத்தை அழுத்துவாள். அவள் மன்னித்துவிட்டாள் என்று நான் நினைக்கவில்லை. பசியாறிவிட்டாள் என்று மட்டும் தெரியும். எனக்கு அது போதுமாக இருந்தது.

அப்புறம்தான் அந்தக் கூத்து. ஒரு நாள் போட்ட காணொளி எப்படியோ தமிழ்நாட்டுப் பக்கம் போய்விட்டது. கைப்பேசி சூடாகிற அளவுக்குக் கருத்துகள் கொட்டின. "காலங்காத்தாலேயே தண்ணியா அக்கா?" "கலக்கி வேற அடிக்கிறாங்க பாருங்க!" "உட்கார வச்சு ஊத்துற ஒரே அக்கா எங்க மலேசியா அக்கா!" எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிளினிக்கில் என்னோடு வேலை செய்யும் தாதிதான் மூச்சு வாங்க ஓடி வந்தாள். "அக்கா, நீங்க வைரல் லா! அவங்க நீங்க சரக்கு அடிக்கிறீங்கன்னு நெனச்சிட்டாங்க!" ஒரே வாரத்தில் நாலாயிரம் இருபதாயிரமானது. விளக்கம் சொல்லிப் பார்த்தேன். விளக்கத்தை எவன் பார்க்கிறான்?

இங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. இத்தனை பேர் சிரிக்கிறார்களே, சிரிக்கட்டுமே என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை காலை, கண்ணாடிக் கிளாஸில் தேநீரை ஊற்றிக்கொண்டு குடிகாரன் போல நடித்தேன். நிலைப்படியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் இடுப்பில் இல்லாத கைலியை இறுக்கிக்கொண்டு, ஜன்னல் வழியே போகும் லோரியைப் பார்த்து, "ஏய், ஓரமா போ! நான் ஸ்டெடி லா, நான் ஸ்டெடி!" என்று கத்தினேன். நடிப்புப் பள்ளிக்கூடம் போனவளா நான்? பார்த்ததைச் செய்தேன். யாரைப் பார்த்து அதைக் கற்றுக்கொண்டேன் என்பது செய்யும்போதே எனக்குத் தெரியும். அந்த நிலைப்படிப் பிடி அவருடையது. "நான் ஸ்டெடி லா" அவருடைய வசனம். அது தெரிந்துதான் செய்தேன். கேட்டால் இல்லை என்று சொல்லலாம். சொல்ல மாட்டேன்.

அந்தக் காணொளிக்கு அப்புறம் முப்பத்தெட்டாயிரம். எனக்குத் தலைகால் புரியவில்லை. "பசியாறியாச்சா" வெளியூர்க்காரர்களுக்குப் புரியவில்லை என்று தாதி சொன்னாள். அதை எடுத்துவிட்டு, "ஹாய் மக்களே" என்று தொடங்கினேன். என் வாயிலிருந்து வந்த சொல்லா அது என்று இப்போது கேட்டால் காது கூசுகிறது. குடிகாரக் காணொளி இன்னும் நாலு போட்டேன். ஐந்தாவதில் கூட்டத்துக்கு அலுத்துவிட்டது.

எண்ணிக்கை இறங்க ஆரம்பித்தது. முதலில் ஒரு நாளைக்கு முப்பது பேர். அப்புறம் நூறு. அப்புறம் எண்ணவே பயமாக இருந்தது, ஆனாலும் எண்ணாமல் இருக்க முடியவில்லை. கிளினிக் கழிவறையில் போய்ப் பார்ப்பேன். கவுண்டரின் கீழே வைத்துப் பார்ப்பேன். ஒரு நாள் அடுத்த நோயாளியைக் கூப்பிட எழுந்து நின்று, "முப்பத்தாறாயிரத்து நூறு!" என்று சத்தமாகக் கூப்பிட்டேன். பன்னிரண்டாம் எண் அட்டையை வைத்திருந்த ஒரு பாட்டையா, இன்னும் அவ்வளவு பேரா என்று மிரண்டுபோய் வெளியே எட்டிப் பார்த்தார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. என் வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, தண்ணி குடித்துவிட்டு, போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போகிறார்களே, இது என்ன பழக்கம்? ஆனால் தாதிக்கு அது நோய்க்குறியாகத் தெரிந்தது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வகுப்பு நடக்கிறது, ஃபாலோவர் ஏன் குறைகிறார்கள், எப்படித் தக்கவைப்பது என்று சொல்லித் தருகிறார்கள், வாங்க போவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கீழே சாப்பாட்டுக் கடை, மேலே வகுப்பு. படியேறும்போதே தாளிப்பு வாசம் மூக்கைத் துளைத்தது. முப்பது பேர் இருந்தோம். சேலை விற்கிறவர், கேக் செய்கிறவர், ஜாதகம் பார்க்கிறவர் என்று பல தொழில். பயிற்சி கொடுப்பவருக்கு முப்பது வயதிருக்கும். காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு, ஓர் இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருந்தார். என்னை ஆன்டி என்று கூப்பிட்டார். அவருக்கும் எனக்கும் பதினைந்து வயது வித்தியாசம்கூட முழுசாக இருக்காது. சரி, போகட்டும்.

அவர் சொன்னது எல்லாமே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். முதல் மூன்று விநாடியில் ஆளைப் பிடிக்க வேண்டும் என்றார். தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும், இல்லையென்றால் மறந்துவிடுவார்கள் என்றார். ஒரு பக்கம் திடீரென்று வேறு பக்கமாக மாறினால் பழையவர்கள் போய்விடுவார்கள் என்றார். அதைக் கேட்டதும் எனக்கு என் 'ஹாய் மக்களே' ஞாபகம் வந்தது. ஆனால் அடுத்த வரியிலேயே, "போறவங்கள பத்தி கவலைப்படாதீங்க பாஸ். போறவங்க உங்க ஆடியன்ஸே இல்ல" என்றார். எல்லோரும் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். தாதி அடிக்கோடும் போட்டாள்.

அப்புறம் உதாரணம் காட்டுகிறேன் என்று என் பக்கத்தையே சுவரில் விரித்தார். தாதி முன்கூட்டியே அனுப்பிவைத்திருக்கிறாள். என் எண்ணிக்கை ஏறி இறங்கியதைக் கோடாகக் காட்டினார். காய்ச்சல் கண்டவன் அட்டை போல இருந்தது. "பாருங்க, இங்க உச்சி. எதனால? இதனால." என்று சொல்லி, அந்தக் குடிகாரக் காணொளியைப் போட்டுவிட்டார்.

சுவர் முழுக்க நான். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, இல்லாத கைலியை இறுக்கிக்கொண்டு. "நான் ஸ்டெடி லா!" முப்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கைப்பேசியில் என் முகம் விரல் அளவுதான் இருக்கும். சுவரில் என் முகம் அக்கா கணவரின் முகம் மாதிரியே இருந்தது. இந்த மனிதரைப் பத்து வருஷத்துக்கும் மேல் நிலைப்படியிலிருந்து பிடித்து உள்ளே இழுத்துப் படுக்கவைத்தவள் ஒருத்தி இருக்கிறாள், அவள் தினமும் காலையில் என்னைப் பார்ப்பாள் என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

"ஆன்டி, இதான் உங்க பிராண்டு. தண்ணி அக்கா! இதையே டெய்லி போடுங்க, எல்லாரும் திரும்பி வருவாங்க."

"யார் யார் போனாங்கன்னு பாக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் காட்டாது ஆன்டி. எத்தன பேருன்னுதான் தெரியும். யாருன்னு தெரியாது."

கைப்பேசியை எடுத்து என் ஃபாலோவர் பட்டியலில் அந்த நாலு எழுத்தைத் தட்டினேன். வரவில்லை. எண்களையும் சேர்த்துத் தட்டினேன். வரவில்லை. பழைய காணொளிகளைத் திறந்து இதயம் அழுத்தியவர்களைத் தேடினேன். குடிகாரக் காணொளிக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, செம்பருத்தி இருந்தது. சனிக்கிழமை இல்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் இல்லை. ஏழு வாரம். ஏழு வாரமாக அவள் பசியாறினாளா இல்லையா என்று தெரியாமல் நான் முப்பத்தெட்டாயிரத்தை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

எழுந்து நின்றேன். "தம்பி, போறவங்க உங்க ஆடியன்ஸ் இல்லன்னீங்களே, அது தப்பு. போனதுதான் என் ஆடியன்ஸ். இங்க இருக்கறதுதான் யாருன்னு எனக்குத் தெரியல" என்றேன். அவர் இரண்டு கையையும் தூக்கி, "ஓகே ஓகே, ரிலேக்ஸ் லா ஆன்டி" என்றார். என் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். தாதி குறிப்பேட்டை மூடுவதா, பின்னால் வருவதா என்று தெரியாமல் பாதி எழுந்தபடி நின்றாள். பாவம், அவள் நல்லதைத்தான் நினைத்தாள்.

ரயில் நிலையத்து நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து குடிகாரக் காணொளிகளையும் அழித்தேன். நிச்சயமாக அழிக்க வேண்டுமா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றேன். கடைசிக்கு வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்த சீனத்து அம்மா பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாற்காலி தள்ளிப் போனார்.

மறுநாள் ஆறே முக்காலுக்குக் கைப்பேசியைச் சீனி டப்பாவில் சாய்த்தேன். "பசியாறியாச்சா? உட்காருங்க, தண்ணி கலக்குறேன். தண்ணின்னா தே தண்ணி. எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம், இனிமேயும் அப்படித்தான் சொல்லுவேன். சரக்கு தேடி வந்தவங்க வேற வீடு பாருங்க. இங்க யாரும் குடிச்சிட்டு ஆடல. ஆடுனது தப்பு. யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்டதான் சொல்றேன்." அவ்வளவுதான். பூனைக் கதைக்கு வந்துவிட்டேன்.

ஒரே நாளில் ஆயிரத்து இருநூறு பேர் போனார்கள். "செம போர்", "திமிரு புடிச்ச அக்கா", "காமெடி வீடியோ எங்க?" திமிர் பிடித்தவள் என்று எழுதியவருக்கு மட்டும் பதில் போட்டேன். ஆமாம் தம்பி, பசியாறியாச்சா? அவரும் போய்விட்டார். நான் விடவில்லை. மழை பெய்தாலும், ஜன்னலில் சாரல் அடித்தாலும், தினமும் அதே ஆறே முக்கால், அதே இரண்டு வாக்கியம். முப்பதாயிரம் இருபதாயிரமானது, இருபது பத்தானது. பழைய ஆட்கள் ஒவ்வொருவராகத் தலைகாட்டினார்கள். "ஆச்சுக்கா. எங்க போனீங்க இவ்வளவு நாளா?" என்று செமினியிலிருந்து ஒருத்தி எழுதினாள். நான் எங்கேயும் போகவில்லை, தினமும் முகத்தைக் காட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் அவள் கேட்டது சரியான கேள்வி.

செம்பருத்தி வரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன். இரண்டு, மூன்று. ஒவ்வொரு நாளும் ஏழரை வரை பட்டியலைத் தேய்த்துக்கொண்டே இருப்பேன். நாலாவது வாரம் எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. ஊரையே திட்டுகிறேன், சொல்லாமல் போகிறார்கள் என்று. நான் மட்டும் என்ன? கூடப் பிறந்தவளிடம் மன்னிப்புக் கேட்கப் பத்தாயிரம் பேர் பார்க்கிற இடத்தில் நின்று, பெயர்கூடச் சொல்லாமல், சாடைமாடையாகப் பேசுகிறேன். அவள் வீட்டுக்குக் கதவு இல்லையா? அந்த ஞாயிற்றுக்கிழமை காணொளி போடவில்லை. கொமுட்டர் ரயில் ஏறினேன். கிள்ளானிலிருந்து ரவாங் வருவதற்குள் திரும்பிப் போய்விடலாமா என்று நாலு நிலையத்தில் யோசித்தேன்.

கேட்டின் பச்சைப் பெயிண்ட் உரிந்திருந்தது. செம்பருத்தி என் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அக்கா கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை.

"பசியாறியாச்சா?" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மணி பத்தரை ஆவுது. இப்பதான் கேக்கறியா?" என்றாள். கதவை மூடவில்லை. நான் செருப்பைக் கழற்றினேன்.

உள்ளே உட்கார்ந்ததும் நான் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினேன். மண்டபத்தில் சொன்னது தப்பு, அந்தக் காணொளி அதைவிடத் தப்பு, தெரிந்தேதான் செய்தேன், அழித்துவிட்டேன் என்று. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"மாமாவ அப்படியே செஞ்சிருந்தே" என்றாள். "கைலிய இறுக்கறது, அந்தப் பேச்சு, எல்லாம். நல்லாத்தான் செஞ்சே. அதான் பாக்க முடியல."

நான் அழுதேன். அவள் அழவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தமும், கேத்தல் வைக்கும் சத்தமும் கேட்டன. பின்னாலேயே போய் நின்றேன். திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள்.

"எதுக்கு நிக்கற? உட்காரு. தண்ணி கலக்குறேன்."

எத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டேன் என்று கணக்குப் போட எனக்குத் தெம்பில்லை. உட்கார்ந்தேன். டின் பாலை ஊற்றிக் கலக்கி என் முன்னால் வைத்தாள். ஒரு வாய் குடித்தேன். இனிப்பு பத்தவில்லை.

"சீனி போடலியா?"

"பால்ல இருக்கறது போதும். நீ பாலும் ஊத்தி, அதுக்கு மேல ரெண்டு கரண்டி சீனியும் அள்ளிப் போடற. தெனம் பாக்கறேன், கையே நடுங்கல உனக்கு. சக்கர வியாதி வந்துதான் நிறுத்துவியா? போன வாரம் புதன்கெழம மூணு போட்டே."

போன வாரம் புதன்கிழமை. நான் கிளாஸைக் கீழே வைத்தேன். "நீதான் போயிட்டியே. லிஸ்ட்ல தேடித் தேடிப் பாத்தேன், நீ இல்லியே."

"பட்டன அமுக்கி வெளிய வந்துட்டேன். அதுக்குன்னு பாக்கக் கூடாதா? கேட்டுக்கு வெளிய நின்னு பாத்தா தெரியாதா உன் வீடு?"

பிரிக்ஃபீல்ட்ஸ் தம்பிக்கு இதைச் சொல்ல வேண்டும். அவருடைய கோட்டில் என் அக்கா போனவள். போனவர்களின் எண்ணிக்கையில் ஒன்று. ஆனால் அந்த ஏழு வாரமும் நான் ஹாய் மக்களே என்று பல்லைக் காட்டியதையும், அதற்குப் பிறகு மூன்று கரண்டி சீனி போட்டதையும் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான். உள்ளே இருந்த முப்பத்தெட்டாயிரம் பேரில் எவரும் என் சீனியைப் பார்க்கவில்லை. ஆகையால் ஃபாலோவரை எப்படித் தக்கவைப்பது என்று என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளப் போவதும் இல்லை. நாளைக்கு ஐயாயிரம் ஐந்நூறு ஆனாலும் ஆறே முக்காலுக்குப் பசியாறியாச்சா என்றுதான் கேட்பேன். சீனி மட்டும் ஒரு கரண்டி.

அன்று கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே அக்காவிடம் கேட்டேன், திரும்ப ஃபாலோ பண்ணேன் என்று. கொஞ்சம் கெஞ்சித்தான் கேட்டேன்.

"அந்தக் கூட்டத்துல ஒருத்தியா நிக்க நான் என்ன யாரோவா?" என்றாள். "அடுத்த ஞாயித்துக்கெழம வெள்ளன வா. சேந்து பசியாறுவோம்."